நீரிழிவும் நமது கைத்தொலைபேசியும்

(சங்கத்தின் வருடாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத மாணவன் ஒருவனை இம்மேடையில் ஏற்றி, அரைமணி நேரம் பேசுக என்று பணித்த காரியதரிசி அவர்களின் துணிவை முதலில் மெச்சுகிறேன். நான் வைத்தியனல்லன், வைத்தியம் பயில்பவனுமல்லன். ஆகவே நான் கூறப்போகும் எதனையும் வைத்திய ஆலோசனையாகக் கொள்ளாது, படித்தறிந்த செய்திகளை உங்கள் முன் வைக்கும் ஒரு மாணவனின் சொற்களாகவே கொள்ளுமாறு வேண்டுகிறேன். குற்றங்குறை இருப்பின் பெரியோர் பொறுத்தருள்க.

நான் எடுத்துக்கொண்ட பொருள் நீரிழிவு. நம்மூர்ப் பேச்சில் அதனைச் 'சீனி வருத்தம்' என்போம். அந்த வருத்தமுடையோர் தம்மைத் தாமே பேணிக்கொள்வதற்குக் கைத்தொலைபேசியும் அதிலுள்ள செயலிகளும் எவ்வளவு தூரம் உதவும், எவ்விடத்தில் உதவமாட்டா என்பதே என் பேச்சின் சாரம். இந்தச் சபையில் இருபுறமும் பார்க்கிறேன். ஒருபுறம் சட்டைப்பையில் கைத்தொலைபேசியோடு வாலிபர்கள். மறுபுறம் சட்டைப்பையில் குளுசைகளோடு பெரியவர்கள். நோய் ஒரு தலைமுறையிடம், கருவி மற்றொரு தலைமுறையிடம். இவ்விரண்டையும் ஒன்று சேர்த்தால் என்ன என்பதே நான் கேட்க வந்த கேள்வி.

முதலில் நோயைப்பற்றிச் சில வார்த்தைகள். நீரிழிவு நேற்று வந்த நோயன்று. நமது சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் 'மதுமேகம்' என்று பெயரிட்டு அதனை அறிந்திருந்தன. ஆயின் இந்நோய் வந்த சிறுவர்களைக் காப்பாற்ற வழியில்லாமலே உலகம் நெடுங்காலம் தவித்தது. 1921 ஆம் ஆண்டில் கனடா நாட்டின் தொரொன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவர் இன்சுலின் என்னும் சுரப்பைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாக ஊசிமூலம் ஏற்றப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற அச்சிறுவன் பிழைத்தான். பான்ரிங் பிறந்த நாளாகிய நவம்பர் 14 ஆம் நாளையே இன்று உலகம் நீரிழிவு தினமாகக் கொண்டாடுகிறது.

நாம் உண்ணும் சோறும் பிட்டும் இடியப்பமும் வயிற்றிலே குளுக்கோசு என்னும் சீனியாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சீனியை உடற்கலங்களுக்குள் புகவிடும் திறவுகோலே இன்சுலின். திறவுகோல் இல்லாவிட்டாலோ, இருந்தும் பூட்டுத் துருப்பிடித்துவிட்டாலோ, சீனி இரத்தத்திலேயே தேங்கிவிடும். திறவுகோலே இல்லாத நிலை முதலாம் வகை; அது பெரும்பாலும் சிறுவயதில் வரும். பூட்டுத் துருப்பிடித்த நிலை இரண்டாம் வகை. நம் வீடுகளில் நாம் காண்பது பெரும்பாலும் இதுவே. வெறுவயிற்றில் எடுத்த இரத்தத்தில் 100 மில்லிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ சீனி இருந்தால், மறுபடி சோதித்து உறுதிசெய்து, நீரிழிவு என்று வைத்தியர் கூறுவார்.

நமது இலங்கைத் தீவின் நிலை என்ன? 2005, 2006 ஆம் ஆண்டுகளில் நாடளாவி நடந்த ஓர் ஆய்வில், இருபது வயதுக்கு மேற்பட்டோரில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுடையோர் எனக் காணப்பட்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர், தமக்கு அந்நோய் இருப்பதை அன்றுவரை அறியாதவர்கள்! பின்னர் 2018, 2019 ஆம் ஆண்டுகளில் நடந்த மற்றோர் ஆய்வில் அந்தத் தொகை நூற்றுக்கு 23 என வந்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் வேறு என்று கொண்டாலும், நோய் எத்திசையில் செல்கிறது என்பதில் ஐயமில்லை. நூறு பேர் கூடிய சபை ஒன்றில் இருபதுக்கு மேற்பட்டோர் இவ்வருத்தம் உடையவர்கள் என்றால், இது அயல்வீட்டுக் கதையன்று. நம் வீட்டுக் கதை.

இந்நோயின் கொடுமை யாதெனில், அது வலிப்பதில்லை. பல்வலி வந்தவன் அன்றே வைத்தியரிடம் ஓடுகிறான். சீனி கூடியவனோ ஆண்டுக்கணக்கில் நடமாடித் திரிகிறான். அந்த ஆண்டுகளில் கண்ணின் உள்ளே இருக்கும் நுண்ணிய நாளங்கள் கசிகின்றன, சிறுநீரகம் தளர்கிறது, காலின் உணர்ச்சி மங்குகிறது. வெறுங்காலோடு வட்டைக்குள் இறங்கும் ஒரு விவசாயியை எண்ணிப் பாருங்கள். முள் ஒன்று தைக்கிறது. உணர்ச்சி மங்கிய கால் அதனை அறியவில்லை. சேற்றிலும் நீரிலும் புண் பெருக்கிறது. அறுவடை முடிந்து அவர் காலைப் பார்க்கும்போது விரல் கறுத்துவிட்டது. ஒரு விரல், பின்பு பாதம், பின்பு முழங்கால்! பெரும்போகத்துக்கு விதைத்த கை இருக்கிறது. சிறுபோகத்துக்கு வரம்பில் நடக்கக் கால் இல்லை. ஒரு குடும்பத்தின் சீவியமே அந்த ஒரு முள்ளில் முடிந்துவிடுகிறது.

ஆயினும் இது விதியன்று. ஐக்கிய இராச்சியத்தில் 1977 முதல் 1997 வரை இருபது ஆண்டுகள் நடந்த பேராய்வு ஒன்று, இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தி வைத்தால் கண், சிறுநீரகம் முதலியவற்றின் கேடு குறைகிறது என்று ஐயத்துக்கிடமின்றிக் காட்டியது. இதனை அளக்க வைத்தியர்கள் ஒரு சோதனையை வைத்திருக்கிறார்கள். 'எச்.பி.ஏ.வன்.சி.' என்பது அதன் பெயர். சிவப்புக் குருதிக்கலம் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கிறது. அந்நாட்களில் அதன்மேல் எவ்வளவு சீனி ஒட்டிக்கொண்டது என்பதைப் பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் கணக்குத் தெரிந்துவிடும். கிளினிக்குப் போகுமுன் இரண்டு நாள் பத்தியம் இருந்து டொக்ரரை ஏமாற்றும் நம்மூர்த் தந்திரம் இந்தச் சோதனையிடம் பலிக்காது. (சிரிப்பு)

இனி ஒரு சிறு கணக்கு. ஓராண்டில் 8,760 மணித்தியாலங்கள் உள்ளன. மாதம் ஒருமுறை கிளினிக்குப் போகும் ஒருவர், ஒவ்வொரு முறையும் வைத்தியர் முன் பத்து நிமிடம் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு இரண்டு மணித்தியாலம்! மிகுதி 8,758 மணித்தியாலங்களிலும் அவருக்கு வைத்தியர் யார்? அவரேதான். என்ன உண்பது, எவ்வளவு நடப்பது, குளுசையை எப்போது விழுங்குவது, காலைப் பார்ப்பதா விடுவதா என்பவற்றை நாளொன்றுக்குப் பல முறை தீர்மானிப்பவர் அவரே. நோயாளியின் சுயபராமரிப்பு என்று இதனையே கூறுகின்றனர். திருக்குறளிலே 'மருந்து' என்றொரு அதிகாரம் இருக்கிறது. அதனைப் புரட்டிப் பார்ப்போர், அங்கே மூலிகைப் பெயர்களைக் காணமாட்டார்கள். அளவறிந்து, பசியறிந்து உண்ணவேண்டும் என்பதையே பெரிதும் காண்பார்கள். சுயபராமரிப்பு நமக்குப் புதிய கொள்கையன்று.

நிற்க. கைத்தொலைபேசி இங்கே என்ன செய்யும்?

நான் மிஷன் பாடசாலையில் பயின்ற காலத்தில், ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுதவேண்டும் என்று ஆசிரியர் ஒருவர் எங்களை வற்புறுத்துவார். எழுதிவைத்த நாள்தான் உன்னுடைய நாள் என்பது அவர் கருத்து. நீரிழிவுச் செயலி என்பதும் அடிப்படையில் ஒரு நாட்குறிப்பே. காலையில் சீனி எவ்வளவு, என்ன உண்டோம், எத்தனை அடி நடந்தோம், குளுசை போட்டோமா என்பவற்றை அதிற் பதிந்தால், அது கூட்டிக் கழித்து வரைபடமாகக் காட்டும். மறந்த வேளையில் மணியடித்து நினைவூட்டும். சில செயலிகள் சீனி அளக்கும் கருவியோடு கம்பியில்லாமலே தொடர்புகொண்டு தாமாகவே எண்ணைப் பதிந்துகொள்கின்றன. ஐரோப்பாவில் வியன்னா நகரில் 2012 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மைசுகர்' என்னும் செயலி இவ்வகையிற் பெயர்பெற்றது.

இவற்றாற் பயன் உண்டா? 2016 ஆம் ஆண்டில், பதினான்கு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 1,360 நோயாளரின் கணக்கை ஆராய்ந்தார்கள். செயலியைப் பயன்படுத்திய இரண்டாம் வகை நோயாளருக்கு, முன்பு சொன்ன எச்.பி.ஏ.வன்.சி. அளவு மற்றவர்களைவிட ஏறக்குறைய அரைச் சதவீதம் குறைந்திருந்தது. அரைச் சதவீதம் சிறியதாகத் தோன்றலாம். ஒரு சதவீதம் குறைந்த இடத்திற் கண், சிறுநீரகக் கேடுகள் மூன்றிலொரு பங்குக்கு மேல் குறைந்திருக்கக் கண்டது நான் கூறிய அந்த இருபதாண்டுப் பேராய்வு. எனவே அரையும் அற்பமன்று.

ஆனால் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சொல்லி நம்மூருக்கு நியாயம் பேசுவது பொருந்தாது. ஆகவே கடலுக்கு அப்பால், நம் மொழி பேசும் சென்னைப் பட்டணத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். இந்தியாவின் முதலாவது நீரிழிவுச் சிகிச்சைப் பிரிவைச் சென்னை ஸ்ரான்லி வைத்தியசாலையில் 1948 இல் தொடங்கியவர் டொக்ரர் மா. விசுவநாதன். அந்தப் பட்டணத்து டொக்ரர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழுவினர் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2009 ஆம் ஆண்டுக்கும் 2010 ஆம் ஆண்டுக்கும் இடையில், தொழில் நிறுவனங்களில் வேலைசெய்த 537 ஆண்களை அவர்கள் சேர்த்தார்கள். இவர்களுக்கு நீரிழிவு இன்னும் வரவில்லை, வாசலில் நின்றது. எல்லாருக்கும் உணவைப்பற்றியும் உடற்பயிற்சியைப்பற்றியும் ஒருமுறை நேரிற் புத்தி சொன்னார்கள். பின்பு 271 பேருக்கு மட்டும் கைத்தொலைபேசியிற் குறுஞ்செய்திகளை அடிக்கடி அனுப்பினார்கள். 266 பேருக்கு அனுப்பவில்லை. வேறெதுவும் செய்யவில்லை.

இரண்டாண்டு சென்றது. செய்தி பெறாதவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. செய்தி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கே வந்தது. 2013 ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. சகோதரர்களே, இதனைச் சற்று ஊன்றி எண்ணுங்கள். அங்கே விலையுயர்ந்த தொலைபேசி இல்லை, செயலி இல்லை, படம் இல்லை, பாட்டு இல்லை. பொத்தான் அமுக்கும் பழைய போனில் வந்த இரண்டு வரிச் செய்தி! நூறு பேரில் ஒன்பது பேரை அது வாசலிலேயே தடுத்து நிறுத்தியது. கருவியின் விலையிலன்று, விடாத நினைவூட்டலிலேதான் பலன் இருந்தது என்பதே இதிலிருந்து நான் கற்ற பாடம்.

இதேபோல் ஆபிரிக்காவில் செனகல் நாட்டில், 2014 ஆம் ஆண்டில், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, நோன்பு நோற்கும் நீரிழிவாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் திட்டம் தொடங்கியது. எப்போது நோன்பை விடவேண்டும், நீர் எவ்வளவு அருந்தவேண்டும், வைத்தியரை எப்போது காணவேண்டும் என்பன அச்செய்திகள். 2016 இல் இந்திய அரசாங்கமும், ஓர் எண்ணுக்கு அழைத்துத் துண்டித்தாலே போதும், நீரிழிவுச் செய்திகள் வந்துசேரும்படி ஏற்பாடு செய்தது. செனகலின் செய்தி நமக்கு மிக அண்மையானது. நமது முஸ்லிம் சகோதரர்கள் கல்முனையிலும் அயலூர்களிலும் றமழான் நோன்பு நோற்கிறார்கள். நாமும் கந்தசஷ்டியிலும் பிற விரதங்களிலும் உணவை விடுகிறோம். விரதம் மனத்தை உயர்த்துவது. ஆனால் சீனிக்குக் குளுசையோ ஊசியோ எடுப்பவர் வைத்தியரைக் கேளாமல் பட்டினியிருந்தால் உயிருக்கே ஆபத்து வரும். இந்த ஒரு விடயத்தில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் ஒரே செய்தியைச் சொல்லலாம்.

போனுக்கு இன்னுமொரு பயன் உண்டு. சென்னையிலே டொக்ரர் வே. மோகன் அவர்களின் நிலையத்தில், கைத்தொலைபேசியோடு பொருத்திய கருவியால் ஏறத்தாழ முந்நூறு நோயாளரின் கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்து, அப்படங்களைக் கணினியே ஆராயும்படி செய்தார்கள். கேடு தொடங்கியிருந்த கண்கள் நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டன. இது 2018 இல் வெளியாயிற்று. கண் வைத்தியர் இல்லாத கிராமங்களுக்கு இத்தகைய கருவி வரும் நாள் தொலைவில் இல்லை.

இதுவரை நன்மையைச் சொன்னேன். தீமையையும் சொல்லாவிட்டால் நான் செயலி விற்கும் வியாபாரியாகிவிடுவேன்.

முதலாவது, எல்லாச் செயலியும் நல்ல செயலியல்ல. இன்சுலின் எவ்வளவு ஏற்றவேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் 46 செயலிகளை 2015 ஆம் ஆண்டில் ஆராய்ந்தார்கள். அவற்றுள் மூன்றிலிரண்டு பங்கு, பிழையான அளவைச் சொல்லக்கூடியனவாக இருந்தன. எண்ணைத் தவறாக அடித்தாலும் ஏனென்று கேளாதவையே மிகப் பெரும்பாலானவை. கடையிலே கணக்குப் பிழைத்தால் காசு போகும். இன்சுலினிற் கணக்குப் பிழைத்தால் ஆளே போவான். ஆகவே ஊசியின் அளவையும் குளுசையின் அளவையும் வைத்தியரே தீர்மானிக்கட்டும். போன் குறித்துவைக்கட்டும், கட்டளையிட வேண்டாம்.

இரண்டாவது, இரகசியம். 2016 இல் 211 நீரிழிவுச் செயலிகளைப் பார்த்தபோது, நூற்றுக்கு 81 செயலிகள், நாம் கொடுக்கும் விபரங்களை என்ன செய்வோம் என்று கூறும் அறிவித்தலே இல்லாதவையாக இருந்தன. ஒருவருடைய நோய் அவருடைய வீட்டுச் செய்தி. கலியாணம் பேசும் இடத்திலும் வேலை கேட்கும் இடத்திலும் அது பரவுவதை நாம் விரும்புவோமா? பெயர், அடையாள அட்டை இலக்கம் முதலியவற்றைக் கேட்கும் செயலியிடம் எச்சரிக்கையாயிருங்கள்.

மூன்றாவது, மோசடி. விரலைக் குத்தாமலே சீனியை அளக்கும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விளம்பரங்கள் வருகின்றன. 2024 பெப்ரவரியில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம், தோலைத் துளையாமல் தானாகவே சீனியளக்கும் எந்தக் கடிகாரத்தையும் மோதிரத்தையும் தான் அங்கீகரிக்கவில்லை, அவற்றை நம்பவேண்டாம் என்று எச்சரித்தது. அதேபோல், ஒரு சாற்றைக் குடித்தால் ஏழு நாளில் சீனி வருத்தம் பறந்துவிடும் என்று கூறும் படங்களும் போனில் வருகின்றன. பாகற்காய் நல்ல கறி, அதிற் சந்தேகமில்லை. ஆனால் பாகற்காயை நம்பிக் குளுசையை நிறுத்துவது கொடிய அறியாமை. நன்மை தரும் அதே கண்ணாடித் துண்டுதான் இந்த நஞ்சையும் கொண்டுவருகிறது. பகுத்தறிந்து பார்ப்பது வாலிபர் கடமை.

இனி நம்மூர்ச் சங்கடங்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்பது எனக்குக் கேட்கிறது: "என்ன மனே, இந்தப் போன் என்ட சீனியைக் குறைக்குமா?" இல்லை அம்மம்மா, குறைக்காது. குறைப்பது நீங்கள். போன் உங்கள் பக்கத்தில் இருந்து நினைவூட்டும் பேரப்பிள்ளை மாத்திரமே. "எங்கட அப்பன் பாட்டன் போன் வைச்சா சீவிச்சாங்க?" என்று இன்னொருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பாட்டனார் விடியமுன் எழுந்து வட்டைக்கு நடந்தார். மாலைவரை குனிந்து நிமிர்ந்தார். அவருக்குப் போன் தேவைப்படவில்லை. நாமோ பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறோம். உழவு இயந்திரம் வந்தது, அறுவடை இயந்திரம் வந்தது. உழைப்புக் குறைந்தது, சோறு குறையவில்லை. பாட்டனாரின் உழைப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமானால் இந்தப் போனை நானே கிட்டங்கி ஆற்றில் எறிந்துவிடுவேன். (கரகோஷம்)

மொழியும் ஒரு தடை. பெரும்பாலான நல்ல செயலிகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அவற்றின் உணவுப் பட்டியலில் ரொட்டித்துண்டும் உருளைக்கிழங்கும் இருக்கும். குரக்கன் பிட்டும் சொதியும் தேடினாலும் அகப்படா. பணமும் தடை. நமது அரசாங்க வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். ஆனால் வீட்டிலே சீனியளக்கும் கருவியையும், ஒவ்வொரு முறையும் செலவாகும் அந்தச் சிறு பட்டியையும் நாமே வாங்கவேண்டியிருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கே நாடு அலைந்ததை மறக்கமாட்டோம். எனவே ஒவ்வொரு நாளும் குத்தி அளவெடுங்கள் என்று நான் சொல்லேன். யாருக்கு எத்தனை முறை தேவை என்பதை வைத்தியரிடமோ தாதியரிடமோ கேட்டு, அந்த அளவுக்கே செலவிடுங்கள். ஆனால் எடுத்த எண் ஒன்றுகூட எழுதப்படாமற் போகக்கூடாது. எழுதாத எண் வீணான காசு.

வேறொரு காரணத்தாலும் இந்தக் குறிப்பு நமக்கு அவசியம். மாரியிலே கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாய்ந்து, சவளக்கடையிலும் அயலிலும் இருந்து கல்முனைக்குப் போகமுடியாமல் நின்ற நாட்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். கிளினிக் நாளில் வெள்ளம் வந்தால் என்ன செய்வது? குளுசையின் பெயரும் அளவும், கடைசியாக எடுத்த எண்களும், கிளினிக் கொப்பியின் பக்கங்களும் போனில் படமாக இருந்தால், எந்த வைத்தியரிடம் போனாலும் காட்டலாம். தொலைபேசியிற் பேசியும் வழி கேட்கலாம். கொப்பி வெள்ளத்தில் நனைந்தாலும் பேரன் போனில் அது உலர்ந்தே இருக்கும்.

எனவே சங்கத்தின் முன் நான்கு பிரேரணைகளைப் பணிவோடு வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு வாலிப அங்கத்தவரும் தத்தம் வீட்டிலுள்ள ஒரு நீரிழிவாளருக்குக் கணக்குப்பிள்ளையாக இருக்கவேண்டும். முதல் மாதம் கொப்பியில் எழுதட்டும். பழக்கம் வந்தபின் செயலிக்குப் போகட்டும். குளுசை வேளைக்குப் போனில் மணியடிக்கவைப்பதற்கு எந்தச் செயலியும் வேண்டியதில்லை; இருக்கிற மணிக்கூடே போதும். கிளினிக் நாளில் அந்தக் கணக்கை வைத்தியரிடம் காட்டவேண்டும். வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கும் பிள்ளைகள், 'சாப்பிட்டீங்களா' என்று கேட்பதோடு நில்லாமல், 'இன்றைக்கு எண் எவ்வளவு, நடந்தீங்களா' என்றும் கேட்கட்டும்.

இரண்டு: சங்கத்தின் பெயரால், சென்னைக் குழுவினர் செய்ததைப்போல, வாரம் இருமுறை எளிய தமிழிலே குறுஞ்செய்தி அனுப்புவோம். எழுத வாசிக்க முடியாத தாய்மாருக்குக் குரற்செய்தியாக அனுப்புவோம். ஒவ்வொரு செய்தியையும் அனுப்புமுன் வைத்தியர் ஒருவரிடமோ நீரிழிவுப் பராமரிப்பிற் பயிற்சிபெற்ற தாதி ஒருவரிடமோ காட்டிச் சரிபார்ப்போம். பெற விரும்புவோர்க்கு மட்டுமே அனுப்புவோம். யார் பெறுகிறார் என்பதை வெளியிடோம்.

மூன்று: கால். தினமும் இரவில் படுக்குமுன் பாதத்தை மேலும் கீழும் விரலிடுக்கிலும் பார்ப்பது எந்தப் போனாலும் முடியாத காரியம். பேரப்பிள்ளையின் கண்ணால் முடியும். தன் பாதத்தின் அடியைக் குனிந்து பார்க்க இயலாத முதியவருக்கு, போனிற் படமெடுத்துக் காட்டுங்கள். வட்டைக்குச் செல்வோர் காலுக்குக் காப்பணிந்து செல்லப் பழகட்டும். சிறு புண்ணாயினும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நான்கு: சீனி தாழ்ந்துவிட்டால் செய்யவேண்டியதை ஒவ்வொரு வாலிபனும் யுவதியும் அறிந்திருக்கவேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பிதற்றல் தோன்றி, எண் 70 க்குக் கீழே போனால், மூன்று தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே கொடுங்கள். பதினைந்து நிமிடத்தின்பின் மீண்டும் பாருங்கள். தேறாவிட்டால் மறுபடி கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே 1990 என்ற எண்ணுக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழையுங்கள். போனில் ஆயிரம் செயலி இருக்கலாம். அந்த நேரத்தில் உயிரைக் காப்பது இந்த நான்கு இலக்கமே.

இன்னும் ஒரு வார்த்தை. நம்முடைய கூட்டங்களிலும் திருவிழாக்களிலும் தேநீரோடு சீனியைக் கலந்தே கொடுக்கும் வழக்கத்தை மாற்றலாம். சீனியைத் தனியே வைத்தால், வேண்டியவர் போட்டுக்கொள்வார். வேண்டாதவர் வெட்கப்பட்டுக் குடிக்கவேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டு முதல் மென்பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் உண்டு. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றருக்கு 11 கிராமுக்கு மேல் சீனி. தாகத்தோடு விளையாட்டுத் திடலிலிருந்து வரும் தம்பிமாருக்கு அந்தச் சிவப்பைக் காட்டிக்கொடுங்கள். இந்த வருத்தம் பெரியவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணவேண்டாம். வாசலில் நின்ற அந்த 537 பேரும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்த ஆண்களே. நம்மில் எத்தனை பேர் அறியாமலே அந்த வாசலில் நிற்கிறோமோ! முப்பத்தைந்து வயது கடந்தவர்கள் அரசாங்க வைத்தியசாலைகளில் உள்ள சுகவாழ்வு நிலையத்துக்குச் சென்று இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம். அப்பாவையும் அம்மாவையும் ஒருநாள் கூட்டிச் செல்லுங்கள்.

பெரியோர்களே, வாலிபர்கள் எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று நீங்கள் குறைகூறுகிறீர்கள். அக்குறை நியாயமானதே. அந்தப் போனில் நாளொன்றுக்கு ஐந்து நிமிடத்தை உங்களுக்காகச் செலவிடும்படி எங்களைக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமையுண்டு. வாலிபர்களே, எழுதப் படிக்கவும் நல்லது கெட்டது அறியவும் நம்மைப் பழக்கியவர்கள் இவர்கள். ஓர் எண்ணைப் பதியவும், ஒரு குளுசையை நினைவூட்டவும், ஒரு பாதத்தைப் பார்க்கவும் நாம் சலிப்படைந்தால் நாம் கற்ற கல்வி எதற்கு? வெட்டிய காலை எந்தக் கருவியாலும் திரும்ப வளர்க்க முடியாது. மங்கிய கண்ணுக்கு எந்தத் திரையும் தெரியாது. அந்நாள் வருமுன், இன்றிரவே, நம் வீட்டுப் பெரியவர் ஒருவரின் அருகில் அமர்ந்து, "இன்றைக்குக் குளுசை போட்டீங்களா?" என்று கேட்டுத் தொடங்குவோம்.